ஓராண்டை ஒரு வினாடியில் படம் பிடிப்போம்

திரைப்படம் பார்க்காதவர் நம்மில் எவரும் இலர். ஆனால், திரைப்படம் எடுத்தவர்கள் எத்தனை பேர்? முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு வகுப்பில் இக்கேள்வியைக் கேட்டிருந்தால் ஒரு கைகூட உயர்ந்திராது. கேமராவும் படச்சுருளும் அவ்வளவு விலை உயர்ந்த பொருள்கள். இன்றோ வீட்டிலுள்ள கைப்பேசியே கேமராவாகி விட்டது. கருவி கிடைத்துவிட்டது, இனி வேண்டியவை இரண்டுதான். ஒன்று, எடுக்கத் தகுந்த ஒரு பொருள். மற்றொன்று, சேர்ந்து உழைக்க ஏழெட்டு நண்பர்கள்.

நம் புதுச்சேரிக்குப் பெரிய படக்குழுக்கள் வருவது புதிதன்று. 2012-இல் வெளிவந்த 'லைஃப் ஆஃப் பை' படத்தின் தொடக்கக் காட்சிகள் பல இங்கு எடுக்கப்பட்டவை. ஆனால் அந்தப் படத்தில் நாம் கண்ட கடல் காட்சிகளில் பெரும்பகுதி, தைவான் நாட்டில் இதற்கென்றே கட்டிய ஒரு நீர்த்தொட்டியில் எடுக்கப்பட்டது! நம் கடலை நாமே படம் எடுத்தால் என்ன? அதற்கு என்ன பௌதிகம் தெரிந்திருக்க வேண்டும்? ஏன் அதைத் தனியாக ஒருவரால் எடுக்க முடியாது? இவற்றைத்தான் இக்கட்டுரையில் காணப் போகிறோம்.

படம் எப்படி ஓடுகிறது?

திரைப்படத்தில் உண்மையில் எதுவும் ஓடுவதில்லை. ஃபிரேம் எனப்படும் தனித்தனிப் படச்சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நம் கண்முன் காட்டப்படுகின்றன. பிரான்சு நாட்டின் லூமியேர் சகோதரர்கள் 1895-இல் பாரிஸில் பொதுமக்களுக்குப் படம் காட்டியபோது, கையால் சுழற்றும் கருவியைக் கொண்டு வினாடிக்குச் சுமார் 16 சட்டங்கள் காட்டினர். பேசும் படம் வந்தபின் வினாடிக்கு 24 சட்டங்கள் என்பது வழக்கமாயிற்று.

அசையாப் படங்கள் அசைவது போல் தோன்றுவதற்குப் 'பார்வை நிலைப்பு' காரணம் என்று பல நூல்களில் படித்திருப்பீர்கள். ஒரு காட்சியின் உணர்வு, காட்சி மறைந்த பின்னும் சிறிது நேரம் கண்ணில் தங்குவதே பார்வை நிலைப்பு. படம் மினுக்கில்லாமல் தெரிய இது உதவுகிறது. ஆனால் இது மட்டும் போதாது. பழைய படம் கண்ணில் தங்கியிருக்கப் புதிய படமும் வந்து சேர்ந்தால், இரண்டும் கலந்து குழம்பத்தானே வேண்டும்? சற்றே இடம் மாறிய இரு படங்களை விரைவாக அடுத்தடுத்துக் காட்டினால், மூளை அவற்றை இணைத்து இடையில் ஓர் அசைவைத் தானே உண்டாக்கிக் கொள்கிறது. இதை 1912-இல் மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியல் அறிஞர் சோதனை மூலம் விளக்கினார். ஆகவே, திரைப்படத்தின் பாதி திரையில் இருக்கிறது. மறுபாதி நம் தலைக்குள் இருக்கிறது எனலாம்.

இதிலிருந்து ஒரு பயனுள்ள கருத்து கிடைக்கிறது. எடுக்கும் வேகமும் காட்டும் வேகமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வினாடிக்கு 240 சட்டங்கள் எடுத்து, 24 வீதம் காட்டினால் காலம் பத்து மடங்கு மெதுவாகிவிடும். கரையில் உடையும் அலையின் ஒவ்வொரு துளியையும் காணலாம். மாறாக, நாளொன்றுக்கு ஒரே ஒரு சட்டம் எடுத்தால்? 365 நாட்களின் படங்கள் 24 வீதம் ஓடும்போது பதினைந்து வினாடிக்குச் சற்று மேல் ஆகும். ஓராண்டு முழுவதையும் பதினைந்து வினாடியில் பார்த்துவிடலாம். மெதுவாக நிகழும் மாற்றங்களைக் காண இதைவிட எளிய வழி இல்லை.

நம் ஊரில் அப்படி மெதுவாக மாறுவது எது? கடற்கரைதான்.

கடற்கரைக்கு என்ன நேர்ந்தது?

கடற்கரையிலுள்ள மணல் ஓரிடத்தில் கிடப்பதன்று. ஆற்றைப்போல் ஓடிக்கொண்டே இருப்பது. அலைகள் கரையைச் சாய்வாக வந்து தாக்கும்போது, மணலைக் கரையோரமாகச் சிறிது சிறிதாக நகர்த்துகின்றன. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நம் கரையில் மணல் வடக்கு நோக்கி நகர்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கு நோக்கித் திரும்புகிறது. வரவு செலவு பார்த்தால், ஆண்டு முழுவதற்குமான நிகரப் போக்கு வடக்கு நோக்கியதே.

1980-களின் பிற்பகுதியில், நகருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில், துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கற்களைக் கொட்டி அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. வடக்கே போக வேண்டிய மணல் சுவருக்குத் தெற்கே தங்கிவிட்டது. வடக்கே இருந்த நகரக் கடற்கரைக்கு மணல் வரத்துக் குறைந்தது; ஆனால் அங்கிருந்து மணல் வெளியேறுவது நிற்கவில்லை. வரவில்லாமல் செலவு மட்டும் இருந்தால் எந்தச் சேமிப்பும் கரையும் அல்லவா? கடற்கரைச் சாலையைக் காக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. கற்கள் சாலையைக் காத்தன, மணலைக் காக்கவில்லை. அரிப்பு மேலும் வடக்கே தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் போன்ற மீனவர் ஊர்களுக்கும் பரவியது. படகை ஏற்றி வைக்கவும் வலையை உலர்த்தவும் மணல் இல்லாமற் போனால் மீனவர் தொழில் என்ன ஆகும்?

2018-இல், சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் திட்டப்படி, தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் எஃகினாலான ஒரு செயற்கைத் திட்டு மூழ்கடிக்கப்பட்டது. அலைகளின் வேகம் அதில் தணிய, அதன் பின்புறம் மணல் படியத் தொடங்கியது. நகரின் வடபகுதியில் மக்கள் மீண்டும் மணலில் நடக்கின்றனர்.

உங்கள் தாத்தா இளமையில் அக்கரையில் மணலைக் கண்டார். உங்கள் பெற்றோர் கற்களைக் கண்டனர். நீங்கள் மறுபடியும் மணலைக் காண்கிறீர்கள். மூவர் சொல்வதும் உண்மையே. ஆனால் மணல் எவ்வளவு அகலம் இருந்தது, எந்த மாதத்தில் கூடியது, எந்த மாதத்தில் குறைந்தது என்று கேட்டால் நினைவு விடை சொல்லாது. வீட்டு ஆல்பத்திலுள்ள படங்களும் உதவா. ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்திலிருந்து, வெவ்வேறு நேரத்தில் எடுத்தவை. பெரும்பாலும் கடலை மறைத்துக்கொண்டு உறவினர் நிற்பார்கள்! ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையை நோக்கி, ஒழுங்கான இடைவெளியில் எடுத்த படங்களே சான்றாகும். நாம் எடுக்கப்போகும் படம் அதுதான்.

ஏன் குழு வேண்டும்?

ஓராண்டு முழுவதும் ஒருவர் தவறாமல் வர இயலாது. காய்ச்சல் வரும், தேர்வு வரும், ஊரில் திருமணம் வரும். எட்டுப் பேர் இருந்தால் இருவர் வராவிட்டாலும் வேலை நிற்காது. இது முதற்காரணம்.

இரண்டாவது காரணம், திரைப்படத்தில் ஒவ்வொருவர் வேலையும் மற்றவர் வேலையோடு பொருந்தியாக வேண்டும் என்பது. சென்னை அடையாறு திரைப்படக் கல்லூரியில் பயின்ற இளைஞர்கள் ஒன்று சேர்ந்து உருவாக்கிய 'ஊமை விழிகள்' 1986-இல் வெளிவந்து பெரும் வெற்றி பெற்றது. ஆபாவாணன் எழுதித் தயாரிக்க, அரவிந்தராஜ் இயக்கினார். அது சினிமாஸ்கோப் படம். அந்த முறையில், கேமராவின் சிறப்பு வில்லை அகன்ற காட்சியைக் கிடைமட்டத்தில் பாதியாக ஒடுக்கிப் படச்சுருளில் பதிக்கும். திரையரங்கிலுள்ள மற்றொரு வில்லை அதை இரு மடங்கு விரித்துக் காட்டும். காட்டுபவர் அந்த வில்லையைப் பொருத்த மறந்தால், நடிகர்கள் எல்லாரும் ஒல்லியாக, ஒட்டடைக் குச்சி போலத் தெரிவார்கள். எடுத்தவர் எவ்வளவு திறமைசாலியாயினும் பயனில்லை.

உங்கள் குழுவில் வேலைகளை இப்படிப் பிரிக்கலாம். கேமராவுக்கு இருவர், அளவுகோல் பிடிக்க ஒருவர், ஒலிப்பதிவுக்கு ஒருவர், பதிவேடு எழுத ஒருவர், பெரியவர்களைக் கண்டு பேச இருவர், படத்தொகுப்புக்கு ஒருவர். மாதம் ஒருமுறை வேலையை மாற்றிக்கொள்ளுங்கள். இவற்றுள் புகழ் குறைந்த வேலை பதிவேடு எழுதுவது. ஆனால் அதுவே முதன்மையானது. நாள், மணி, காற்றின் திசை, வானிலை, வந்தவர் பெயர் ஆகியவற்றை அன்றன்றே எழுத வேண்டும். தேதி தெரியாத படம் அழகான படமாக இருக்கலாம். சான்றாக இருக்க முடியாது.

அமாவாசையும் பௌர்ணமியும்

எந்த நாளில், எந்த நேரத்தில் எடுப்பது? இங்கேதான் ஒரு சிக்கல். கடல்நீர் ஒரு நாளில் இருமுறை ஏறி இருமுறை இறங்குகிறது. நம் கரையில் இந்த ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவே. ஆனால் சரிவு குறைந்த மணற்பரப்பில் நீர் சிறிது உயர்ந்தாலே கரைக்கோடு பல மீட்டர் உள்ளே வந்துவிடும். நேற்று ஓதம் ஏறியிருந்தபோதும் இன்று இறங்கியிருந்தபோதும் படம் எடுத்துவிட்டு, 'ஒரே நாளில் கடற்கரை வளர்ந்துவிட்டது' என்று சொல்லலாமா?

தினமும் காலை 7 மணிக்கு எடுத்தாலும் இச்சிக்கல் தீராது. நிலவு நாளுக்கு நாள் பிந்தி உதிப்பதால், ஓதம் ஏறும் நேரமும் நாளொன்றுக்குச் சுமார் 50 நிமிடம் பிந்துகிறது. இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 15 நாளில் 15 × 50 = 750 நிமிடம்; அதாவது பன்னிரண்டரை மணி நேரம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் உள்ள இடைவெளியும் ஏறத்தாழ இதே அளவுதான்! ஆகவே, ஓர் அமாவாசையன்று காலை 7 மணிக்கு ஓதம் எந்த நிலையில் இருந்ததோ, அடுத்த பௌர்ணமியன்று அதே மணிக்கு ஏறக்குறைய அதே நிலைக்கு வந்துவிடும். வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியே நமக்குப் போதிய வழிகாட்டி.

காலை 7 மணியை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. பள்ளிக்குச் செல்லுமுன் வேலை முடிந்துவிடும். கடற்கரைச் சாலையில் அந்நேரம் வாகனங்கள் விடப்படுவதில்லை. நம் கரை கிழக்கு நோக்கியது. கேமராவைக் கரையோரமாக வடக்கு நோக்கி வைத்தால், காலைச் சூரியன் வலப்பக்கம் இருக்கும். கேமராவுக்குள் நேராக விழாது.

ஓராண்டில் பன்னிரண்டு அமாவாசை, பன்னிரண்டு பௌர்ணமி. ஆக 24 படங்கள். சில ஆண்டுகளில் ஒன்று கூடுதலாக வரும். 24 சட்டங்கள் என்றால் எவ்வளவு படம்? ஒரே ஒரு வினாடி! எட்டுப் பேர் ஓராண்டு விடியற்காலையில் எழுந்து உழைத்தால் கிடைப்பது ஒரு வினாடிப் படம். மலைக்க வேண்டாம். ஒவ்வொரு படத்தையும் அரை வினாடி நிறுத்திக் காட்டினால் பன்னிரண்டு வினாடி ஆகும். அந்தப் பன்னிரண்டு வினாடியைப் புதுச்சேரியில் வேறு எவராலும் உங்களுக்குத் தர முடியாது.

மூங்கில் கோல் போதும்

படத்திலிருந்து அளவை எப்படிப் பெறுவது? இரண்டு மீட்டர் நீளமுள்ள ஒரு மூங்கில் கோலை எடுத்து, அரை மீட்டருக்கு ஒரு நிறமாகச் சிவப்பும் வெள்ளையும் மாறிமாறிப் பூசுங்கள். கேமரா நிற்கும் இடத்திலிருந்து 40 மீட்டர் வடக்கே, எப்போதும் ஒரே இடத்தில், ஒருவர் அக்கோலை நேராகப் பிடித்து நிற்கட்டும். படத்தைக் கணிப்பொறியில் பார்க்கும்போது கோல் 100 புள்ளி உயரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் அத்தொலைவில் ஒரு மீட்டருக்கு 50 புள்ளிகள். கோலுக்கு நேராகக் கல் விளிம்பிலிருந்து நீர்க்கோடு வரை 700 புள்ளிகள் இருந்தால், மணலின் அகலம் 14 மீட்டர். கோலுக்கு முன்னாலோ பின்னாலோ உள்ள இடங்களுக்கு இக்கணக்குப் பொருந்தாது; தொலைவு கூடக்கூட உருவம் சிறுக்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். 'ஜூம்' செய்யவும் கூடாது. அகலக் காட்சி தரும் வில்லையையும் தொடக்கூடாது. முன்னது அளவை மாற்றும். பின்னது படத்தின் ஓரங்களை இழுத்து நீட்டும்.

இங்கு ஒரு புள்ளி என்பது 2 சென்டிமீட்டர். 'அடடா, எவ்வளவு துல்லியம்!' என்று மகிழ்ந்துவிடாதீர்கள். ஓர் அலை வந்தால் நீர்க்கோடு மூன்று நான்கு மீட்டர் ஏறி இறங்குகிறதே! ஆகவே ஒரே படம் எடுப்பதற்குப் பதிலாக இரண்டு நிமிடம் தொடர்ந்து எடுங்கள். அதில் பத்து அலைகள் ஏறிய எல்லையையும் இறங்கிய எல்லையையும் அளந்து சராசரி காணுங்கள். நிலையான இடத்துக்குக் கடற்கரைப் படிக்கட்டு ஒன்றையோ விளக்குக் கம்பம் ஒன்றையோ அடையாளமாகக் கொண்டால் போதும்; பொதுச் சுவரில் வண்ணம் பூச வேண்டாம். கருங்கற்கள் பாசி படிந்து வழுக்கும். அவற்றின் மேல் ஏறக்கூடாது. புயல் எச்சரிக்கை உள்ள நாளில் போகவே கூடாது. அந்தப் பட்சத்துக்குரிய இடத்தில் கறுப்புச் சட்டம் ஒன்றை வைத்து, 'புயல் எச்சரிக்கை' என்று எழுதுங்கள். மறுநாள் எடுத்த படத்தை அந்த நாளின் படமென்று சேர்ப்பது பொய்ச் சான்று.

பெரியவர்களின் குரல்

வெறும் மணலும் நீரும் மட்டும் இருந்தால் படம் முழுமை பெறாது. முன்பு கரை எங்கே இருந்தது, எத்தனை படகுகள் நின்றன என்பதை அறிந்த மீனவப் பெரியவர்களைப் பேச வையுங்கள். அவர்களுடைய இசைவு பெற்ற பிறகே கேமராவைத் திறக்க வேண்டும்.

கடற்கரையில் ஒலிப்பதிவு எளிதன்று. ஒலிச்செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். பேசுபவருக்கும் ஒலிவாங்கிக்கும் இடையே 2 மீட்டர் இருப்பதை 20 சென்டிமீட்டராகக் குறைத்தால், குரலின் செறிவு 100 மடங்கு ஆகும். அலையோசையோ நீண்ட கரை முழுவதிலிருந்தும் வருவதால் ஏறத்தாழ அப்படியே இருக்கும். ஆகவே, ஒரு கைப்பேசியைப் படத்துக்கும், மற்றொன்றைச் சட்டைப்பையில் வைத்து ஒலிக்கும் பயன்படுத்துங்கள்.

இரண்டையும் பின்னர் எப்படிப் பொருத்துவது? தொடங்கும்போது கேமராவின் முன் ஒருவர் இரு கைகளையும் ஓங்கித் தட்டட்டும். கைகள் சேரும் சட்டமும் 'டப்' என்ற ஒலியும் ஒன்றாக நிற்குமாறு வைத்தால் மற்றவை தாமே பொருந்தும். படப்பிடிப்பில் கட்டையைத் தட்டுவது இதற்காகத்தான். கேமராவின் ஒலியை மட்டுமே நம்பினால் மற்றொரு தொல்லை உண்டு. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. 34 மீட்டருக்கு அப்பாலுள்ளவரின் குரல் பத்தில் ஒரு வினாடி பிந்தி வரும். அதற்குள் இரண்டு சட்டங்களுக்கு மேல் ஓடிவிடும்; உதடு ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம் என்றாகும்.

வீட்டுக்குள் எடுத்தால் விளக்கைக் கவனியுங்கள். நம் மின்னோட்டம் வினாடிக்கு 50 சுற்று உடையது. ஆகையால் பழைய வகைக் குழல்விளக்கு வினாடிக்கு 100 முறை ஒளிர்ந்து மங்கும். கேமரா வினாடிக்கு 30 சட்டம் எடுத்தால் ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒளி சமமாகப் பங்கு பிரியாது. படத்தில் பட்டைகள் ஓடலாம். 25 சட்டம் என்று வைத்தால் ஒவ்வொன்றின் காலத்திலும் சரியாக நான்கு ஒளிர்வுகள் அடங்கும், சிக்கல் தீரும்.

வெளியில் எடுக்கும்போது சூரியன் ஒரு மணிக்கு 15 பாகை நகர்வதை மறவாதீர்கள். ஒருவரின் பேச்சைக் காலையில் பாதியும் நண்பகலில் பாதியும் எடுத்தால், நிழல்கள் உங்களைக் காட்டிக் கொடுத்துவிடும்.

வெட்டி ஒட்டும் மேசையில்

1920-ஆம் ஆண்டு வாக்கில் ரஷ்ய இயக்குநர் குலெஷோவ் ஒரு சோதனை செய்தார். உணர்ச்சி எதுவுமற்ற ஒரு நடிகரின் முகத்தை, ஒரு கிண்ணம் சூப்புக்கு அடுத்தும், ஒரு சவப்பெட்டிக்கு அடுத்தும் ஒட்டிக் காட்டினார். முகம் ஒன்றேதான். ஆனால் பார்த்தவர்கள் அதில் ஓரிடத்தில் பசியையும் மற்றோரிடத்தில் துயரத்தையும் கண்டனர். மூளை சட்டங்களை மட்டுமல்ல, காட்சிகளையும் இணைத்துப் பொருள் கொள்கிறது.

இது கலைக்கு வலிமை, அறிவியலுக்கு ஆபத்து. நவம்பர் மாதக் கொந்தளிப்பில் கரை குறுகியிருந்த படத்தை, ஜூன் மாதத்து அமைதியான படத்துக்கு அடுத்து ஒட்டினால், பார்ப்பவர் கடற்கரை அழிந்தே போனது என்று நம்புவார். வரிசையைத் திருப்பி ஒட்டினால் அதே இரு படங்களும் கடற்கரை மீண்டுவிட்டது என்று சொல்லும்! காற்றும் பருவமும் நீர்மட்டத்தையும் மணலையும் மாற்றுவதால், ஒரு நவம்பரை மற்றொரு நவம்பரோடு ஒப்பிடுவதே முறை. ஒவ்வொரு படத்தின் மூலையிலும் தேதி இருக்கட்டும்.

அப்படியானால் ஓராண்டுப் படம் போதாது என்று தெரிகிறதல்லவா? முதல் ஆண்டு, பருவங்களின் ஊசலாட்டத்தை மட்டும் காட்டும். கரை உண்மையில் வளர்கிறதா தேய்கிறதா என்பதற்கு இரண்டாம், மூன்றாம் ஆண்டுப் படங்கள் வேண்டும். அதற்குள் நீங்கள் பள்ளியை விட்டுப் போயிருப்பீர்கள். ஆகவே குழுவில் எட்டாம் வகுப்பு மாணவர் இருவரை இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். மூங்கில் கோல், பதிவேடு, கேமரா நிற்கும் இடத்தின் வரைபடம், மூன்று இடங்களில் படியெடுத்து வைத்த படங்கள் ஆகிய நான்கையும் போகும்போது அவர்களிடம் ஒப்படையுங்கள். படத்தின் கடைசிக் காட்சியை எடுக்கப்போகிறவர் உங்களுக்கு அறிமுகமே இல்லாதவராகவும் இருக்கலாம்.

நாள்காட்டியைப் பாருங்கள். அடுத்த அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ, எது முந்தி வருகிறதோ அதற்கு, இன்னும் எத்தனை நாள் இருக்கிறது? கோலுக்கு வண்ணம் பூசி உலரவைக்க இரண்டு நாள் போதும்.